ஆட்டத்துக்கு ஆறு புள்ளிகூட எடுக்காத கூடைப்பந்து வீரர் பென் வாலஸுக்கு, மாபெரும் வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் எப்படி இடம் கிடைத்தது?

ஏனென்றால் அவர் எதிரணியைப் புள்ளி எடுக்கவிடாமல் செய்தார், அதையே ஒரு வேலையாக எடுத்துக்கொண்டு பதினாறு சீசன் ஆடினார். சராசரி 5.7 புள்ளிதான், யாரும் தடுக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோகூட பாதிக்குமேல் உள்ளே போகாது. அது உண்மை.

ஆனால் தொடக்கத்தைப் பாருங்கள். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் புது வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1996இல் எந்த அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. உயரம் 6 அடி 9 அங்குலம், கூடைக்கு அருகில் நின்று ஆடும் சென்டர் இடத்துக்கு அது குறைவு. 2000இல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியின் நட்சத்திரம் கிராண்ட் ஹில் ஒர்லாண்டோ அணிக்குப் போனபோது, பதிலுக்கு டெட்ராய்ட்டுக்கு வந்தவர்களில் ஒருவர் இவர். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் 2002, 2003, 2005, 2006 என நான்கு முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது! 2001-02 சீசனில் ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), பிளாக் (எதிரணி எறியும் பந்தைத் தடுப்பது) இரண்டிலுமே லீக்கில் முதலிடம்.

என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் 2004 இறுதித் தொடர்தான். நட்சத்திரங்கள் ஷாக் (ஷகீல் ஓ'நீல்), கோபி பிரையன்ட் இருந்த லேக்கர்ஸ் அணியை டெட்ராய்ட் 4-1 என்று வீழ்த்தியது, தன்னைவிட உயரமும் எடையும் கூடிய ஷாக்கோடு மல்லுக்கட்டியபடியே கடைசி ஆட்டத்தில் வாலஸ் 18 புள்ளியும் 22 ரீபவுண்டும் எடுத்தார். 2012இல் ஓய்வு, 2021இல் ஹால் ஆஃப் ஃபேம். புள்ளிக் கணக்கை மட்டும் பார்த்தால் இதெல்லாம் கண்ணிலேயே படாது.