லெக்சஸ் எல்எஃப்ஏவா, போர்ஷே கரேரா ஜிடியா? கேள்வி பதில்

கேள்வி: இரண்டு சூப்பர்கார்களிலும் பத்து சிலிண்டர் வி10 இன்ஜின்தானே, அப்புறம் என்ன பெரிய வித்தியாசம்?

பதில்: பிறப்பே வேறு. பிரான்சின் லீ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்காக போர்ஷே ஒரு காரைத் தொடங்கிப் பாதியில் கைவிட்டது. அதற்கென்று செய்த வி10தான் வளர்ந்து, 5.7 லிட்டர், 612 குதிரைத்திறனோடு கரேரா ஜிடிக்குள் வந்தது. எல்எஃப்ஏவின் 4.8 லிட்டர் இன்ஜினை அந்த ஒரு காருக்காகவே யமஹாவோடு சேர்ந்து உருவாக்கினார்கள், 560 குதிரைத்திறன். எண்களை மட்டும் பார்த்தால் ஜெர்மன் கார் முந்தும்.

கேள்வி: எல்எஃப்ஏவில் இன்ஜின் வேகத்தைக் காட்ட முள் மீட்டருக்குப் பதில் திரை வைத்தது சும்மா பந்தாவுக்கா?

பதில்: இல்லை. ஐடிலில் (வண்டி நிற்கும்போது இன்ஜின் மெதுவாக ஓடும் நிலை) இருந்து 9,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 9,000 சுற்று) தொட அந்த இன்ஜினுக்கு 0.6 விநாடி போதும். சாதாரண முள்ளால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது.

கேள்வி: கரேரா ஜிடியின் கிளட்ச் பற்றி எல்லோரும் பயமுறுத்துகிறார்களே?

பதில்: பாதி நியாயம்தான். செராமிக் கிளட்ச், குறுக்களவு 169 மில்லிமீட்டர் மட்டுமே. அதனால்தான் இன்ஜினை அவ்வளவு தாழ்வாகப் பொருத்த முடிந்தது. மற்ற கார்களில் பழகிய கால், புறப்படும்போதே ஆக்சிலரேட்டரை மிதிக்கும். இங்கே வண்டி உதறிவிட்டு நின்றுவிடும். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் மெல்ல விடுங்கள், தானாக நகரும். நகர்ந்த பிறகு மிதியுங்கள். ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். என்னைக் கேட்டால், பயப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு: இதில் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கிடையாது. வளைவில் பின்பக்கம் வழுக்கினால் காப்பாற்ற உங்கள் கைகள் மட்டும்தான்.

கேள்வி: எது அரிது?

பதில்: எல்எஃப்ஏ 500, கரேரா ஜிடி 1,270. ஆனால் எண்ணிக்கை குறைந்தால் உடனே மவுசு வந்துவிடாது. எல்எஃப்ஏ உற்பத்தி 2012-இல் முடிந்தும், சில வண்டிகள் அமெரிக்க ஷோரூம்களில் வருடக்கணக்கில் விற்காமல் கிடந்தன. 3,75,000 டாலருக்கு லெக்சஸா என்று அன்று உதட்டைப் பிதுக்கியவர்கள் அதிகம்.

கேள்வி: மிகக் குறைவாக ஓடிய கரேரா ஜிடி ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: முதலில் குனிந்து டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு தயாரான வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பட்டன் தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும், பழைய ரப்பர் இறுகிப் போயிருக்கும். இந்தக் காரில் அது விளையாட்டு இல்லை. அப்புறம், 2023-இல் சஸ்பென்ஷன் இணைப்புகளில் விரிசல் வரலாம் என்று சொல்லி, அமெரிக்க உரிமையாளர்களிடம் வண்டியை ஓட்ட வேண்டாம் என்றது போர்ஷே. அந்த வேலை முடிந்ததற்கான பில்லைக் கேளுங்கள். கிலோமீட்டர் குறைவு என்பதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க மாட்டேன். ஒழுங்காக ஓட்டி, ஒழுங்காக சர்வீஸ் செய்த வண்டியே மேல்.

கேள்வி: ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் உங்கள் ஓட்டு?

பதில்: எல்எஃப்ஏ. அலுமினியத்தில் தொடங்கிய உடலைப் பாதி வழியில் தூக்கிப்போட்டு, கார்பன் ஃபைபருக்கு மாறி, அதை நெய்ய வட்டத் தறியையே உருவாக்கிய பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். லெக்சஸின் தாய் நிறுவனமான டொயோட்டா, தறியில் தொடங்கிய குடும்பம்தானே! ஒரே குறை, அதன் சிங்கிள் கிளட்ச் கியர்பாக்ஸ். இன்றைய வண்டிகளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரியும். கையால் கியர் மாற்றுவதுதான் உங்களுக்கு உயிர் என்றால் என் பேச்சைக் கேட்காதீர்கள். ஜிடியின் மரக் குமிழைப் பிடித்த பிறகு ஸ்டீயரிங் பக்கத்தில் விரலால் தட்டும் பேடில் ஷிஃப்டில் மனம் ஒட்டாது.