கட்டானா ஜீரோவில் மாட்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கட்டானா ஜீரோ வாங்கியதுமே சாகாவரம் தரும் மாட் (விளையாட்டின் கோப்புகளை மாற்றி ரசிகர்கள் செய்யும் திருத்தம்) போட்டு ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். ஒரு தடவையாவது கடைசிவரை உள்ளபடியே விளையாடிவிடுங்கள். ஆஸ்கிசாஃப்ட் உருவாக்கி, டெவால்வர் டிஜிட்டல் 2019 ஏப்ரலில் வெளியிட்ட இந்த விளையாட்டில் சாதாரண எதிரிக்கு ஒரே வெட்டு போதும், உங்களைச் சாய்க்கவும் ஒரே குண்டு போதும். விழுந்தால் வீடியோ டேப் பின்னோக்கி ஓடி, அந்த அறை முதலிலிருந்து தொடங்கும். இதற்குக் கதைக்குள்ளேயே காரணம் இருக்கிறது. குரோனோஸ் என்ற மருந்தின் தயவால் நாயகனுக்கு நடக்கப்போவது முன்பே தெரியும். நீங்கள் செத்த ஆட்டமெல்லாம் அவன் மனதுக்குள் போட்டுப் பார்த்த திட்டம். ஜெயித்த ஆட்டம் மட்டுமே நிஜம். அறை முடிந்ததும் கண்காணிப்பு கேமரா பதிவாக ஓடுவது அதுதான். சாகவே சாகாத ஆளாக விளையாடினால் இது எதுவுமே உங்களுக்குக் கிடைக்காது. நாயகனின் உடை, வாள் நிறம், இசை இவற்றை மட்டும் மாற்றுகிற மாட் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கேள்வி: மாட் போட்டதிலிருந்து விளையாட்டு திறப்பதே இல்லை. கறுப்புத் திரை வந்து தானாக மூடிக்கொள்கிறது.

பெரும்பாலும் பதிப்புப் பொருத்தம்தான் கோளாறு. இது கேம்மேக்கர் என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் செய்தது. படங்கள் எல்லாம் விளையாட்டு ஃபோல்டரில் டேட்டா.வின் என்ற கோப்புக்குள் அடங்கியிருக்கும். மாட் செய்தவர் பழைய பதிப்பின் கோப்பை வைத்துச் செய்திருப்பார், உங்களுடையது அப்டேட் ஆகியிருக்கும். ஸ்டீமில் (கணினி விளையாட்டுகளை வாங்கி இறக்கும் செயலி) விளையாட்டின் பெயர்மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் போய், கோப்புகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மாறிப்போன கோப்பை அதுவே மறுபடி இறக்கிவிடும். அப்புறம் அந்த நல்ல கோப்பை வேறு ஃபோல்டரில் நகல் எடுத்து வைத்துவிட்டு, உங்கள் பதிப்புக்கென்றே வந்த மாட்டைத் தேடுங்கள். சேவ் கோப்பு விண்டோஸின் ஆப்டேட்டா ஃபோல்டரில் தனியாக இருக்கிறது. அதற்கும் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நிண்டெண்டோ ஸ்விட்ச் விளையாட்டுக் கருவியில் மாட் போட முடியுமா?

கருவியின் பூட்டை உடைத்தால்தான் முடியும். அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: துப்பாக்கிக்காரர்கள் இருக்கும் அறையைத் தாண்ட முடியவில்லை. நேரத்தை மெதுவாக்கும் சக்தி தீராமல் இருக்க மாட் உண்டா?

அது இல்லாமலே தாண்டலாம். பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பதால்தான் அந்தச் சக்தியைக் காட்டும் பேட்டரி காலியாகிறது. குண்டு துப்பாக்கியை விட்டுக் கிளம்பும் அந்த நொடியில் மட்டும் மெதுவாக்கி, சுட்டவனை நோக்கி மவுஸை வைத்து வாளை வீசுங்கள். குண்டு திரும்பிப் போய் அவனையே சாய்க்கும். நேரம் பிசகினால் உருளுங்கள், உருளும்போது குண்டு படாது. அறைக்குள் நுழைந்ததும் கையில் கிடைக்கும் பாட்டிலையோ கத்தியையோ தூர நிற்பவன்மேல் எறிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இதெல்லாம் கைவந்த பிறகு, விளையாட்டிலேயே இருக்கும் ஸ்பீட்ரன் (முடிந்தவரை வேகமாக ஆடி முடிக்கும்) முறைக்குப் போங்கள்.