மில்டேங்க் ஏமாற்றவில்லை

வணக்கம் சார்,

என் மகளுக்குப் பத்து வயது. என் தம்பி தன்னுடைய பழைய நிண்டெண்டோ டிஎஸ்ஸையும் அதோடு போக்கிமான் ஹார்ட்கோல்டு விளையாட்டையும் அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான். மூன்றாவது ஜிம்மில், அதாவது போட்டிக் கூடத்தில், அதன் தலைவியான கோல்டன்ராட் நகரத்து விட்னியிடம் இதுவரை ஆறு முறை தோற்றுவிட்டாள். மில்டேங்க் என்ற அந்த மாடு உருண்டு வந்தால் இவளுடைய குவிலாவா என்ற போக்கிமான் நிற்பதே இல்லை. நார்மல் வகை அடி பேய் வகை மேல் படாது என்று எங்கோ படித்துவிட்டு கேஸ்ட்லி என்ற பேய் வகைப் போக்கிமானைப் பிடித்து வந்தோம். அது மில்டேங்க்கைத் தூங்க வைத்தது, ஆனால் மில்டேங்க் அந்த நொடியே விழித்துக்கொண்டு பேயையே மிதித்து வீழ்த்திவிட்டது. நேற்று ராத்திரி அழுதுகொண்டே தூங்கிப்போனாள். கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறதா? பேசாமல் எல்லாவற்றையும் 30 லெவலுக்கு ஏற்றச் சொல்லிவிடட்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ஏமாற்றவில்லை. இதை முதலில் உங்கள் மகளிடம் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் எதிராளி ஏமாற்றுகிறான் என்று ஒரு குழந்தை நம்பிவிட்டால் அதற்கப்புறம் யோசிக்க அதற்குக் காரணமே இல்லாமல் போய்விடும்.

நீங்கள் கேஸ்ட்லியைக் கொண்டுபோனது நல்ல யோசனைதான். அதைக் கெடுத்தவை இரண்டு விஷயங்கள். ஹார்ட்கோல்டில் விட்னியின் மில்டேங்க் லம் பெர்ரி என்ற பழத்தைக் கையில் வைத்திருக்கிறது. தூக்கமோ விஷமோ பக்கவாதமோ எது வந்தாலும் அந்தப் பழம் உடனே தீர்த்துவிடும், ஆனால் ஒரே ஒரு முறைதான். அடுத்து, அந்த மில்டேங்க்குக்கு ஸ்கிராப்பி என்ற இயல்பு உண்டு. அது இருந்தால் நார்மல் அடி பேய் மேலும் படும். அதனால் நீங்கள் படித்த விதி தப்பில்லை, அதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, அந்த விலக்கு இந்த மாட்டிடம் இருக்கிறது. ஹார்ட்கோல்டுக்கு முன்னோடியாக 1999இல் ஜப்பானில் வந்த பழைய கோல்டு விளையாட்டில் இந்தப் பழமும் கிடையாது, இயல்பும் கிடையாது. அதை விளையாடியவர்கள் சொல்லும் வழிகளை அப்படியே நம்பிப் போனால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம்.

இனி அந்த உருளல். ரோல்-அவுட் என்பது பாறை வகை மூவ், அதாவது சண்டையில் போக்கிமான் செய்யும் ஒரு வித்தை. முதல் அடிக்கு வலு 30தான். ஆனால் குறி தப்பாமல் பட்டுக்கொண்டே போனால் 60, 120, 240, 480 என்று ஐந்தாவது அடி வரை இரட்டித்துக்கொண்டே போகும். அதில் உங்கள் குவிலாவா நெருப்பு வகை, பாறை அடி அதற்கு இரண்டு மடங்கு வலிக்கும். போதாக்குறைக்கு மில்டேங்க் எப்போதும் பெண்தான், உங்கள் குவிலாவா ஆணாக இருப்பதற்கு எட்டில் ஏழு பங்கு வாய்ப்பு. எதிர்ப்பாலை மயக்கும் அட்ராக்ட் என்ற மூவைப் போட்டுவிட்டால் பாதி நேரம் குவிலாவா அடிக்காமல் மயங்கி நிற்கும். தப்பித் தவறி நாம் கொஞ்சம் அடித்துவிட்டால் பால் குடித்துப் பாதி உயிரைத் திரும்ப ஏற்றிக்கொள்ளும். மிதி, உருளல், அட்ராக்ட், பால் என்று நான்கே மூவ்கள்தான், ஆனால் ஒன்று விட்ட இடத்தை இன்னொன்று அடைக்கிறது. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு இந்தச் சண்டையை அமைத்தவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் இதை நன்றாகக் கவனியுங்கள்: உருளத் தொடங்கிவிட்டால் மில்டேங்க்கால் வேறு எதுவும் செய்ய முடியாது. குறி தப்பும் வரைக்கும், அல்லது ஐந்து அடியும் முடியும் வரைக்கும், உருண்டுகொண்டேதான் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் பால் குடிக்க முடியாது. நமக்குப் பயமாக இருக்கும் அந்த நேரம்தான் உண்மையில் அதை அடிக்க வேண்டிய நேரம்.

அதற்கு இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று, குறியைக் கெடுப்பது. குவிலாவா சிண்டாகுவில் என்ற குட்டியாக இருக்கும்போதே ஸ்மோக்ஸ்கிரீன் என்ற புகை மூவைக் கற்றுக்கொள்ளும். அடிக்காத மூவ் எதற்கு என்று குழந்தைகள் முதலில் மறக்கடிப்பது அதைத்தான், உங்கள் மகள் இன்னும் வைத்திருந்தால் அதிர்ஷ்டம். ரோல்-அவுட் படுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 90. அப்படியானால் தொடர்ந்து மூன்று முறை படுவதற்கு ஏறக்குறைய 73. இரண்டு தடவை புகை விட்டுவிட்டால் ஒரு அடி படும் வாய்ப்பு 54 ஆகிவிடும், தொடர்ந்து மூன்று படுவது வெறும் 16தான். ஒரு முறை தப்பினாலும் வலு மறுபடி 30இலிருந்து தொடங்க வேண்டும். இந்தக் கணக்கை மகளோடு உட்கார்ந்து ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். பத்து வயதில் பின்னப் பெருக்கலுக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

இரண்டாவது, சரியான ஆளை நிறுத்துவது. கோல்டன்ராட் டிபார்ட்மென்ட் ஸ்டோரின் ஐந்தாவது மாடியில் ஒருவர் டிரௌஸி என்ற போக்கிமானை வாங்கிக்கொண்டு மச்சாப் என்ற போக்கிமானைத் தருவார். டிரௌஸி நகரத்துக்குத் தெற்கே 34ஆம் வழியிலேயே கிடைக்கும். அவர் தருகிற மச்சாப் பெண், அட்ராக்ட் அதனிடம் பலிக்காது. சண்டை வகை என்பதால் பாறை அடி அதற்குப் பாதிதான் வலிக்கும், அதனுடைய அடியோ நார்மல் வகைக்கு இரண்டு மடங்கு. லோ கிக் என்ற மூவ் எதிராளி எவ்வளவு கனமோ அவ்வளவு வலுவாக விழும், மில்டேங்க் 75.5 கிலோ, அதனால் 80 வலுவோடு விழும். கொடுத்த டிரௌஸியின் லெவலிலேயே மச்சாப் வரும், கொஞ்சம் பழக்க வேண்டியிருக்கும். ஆனால் மாற்றி வாங்கிய போக்கிமான் ஒன்றரை மடங்கு வேகமாக அனுபவப் புள்ளி சேர்க்கும், ஒரு சாயங்காலம் போதும். யூனியன் குகையில் பெண் ஜியோடூட் ஒன்று கிடைத்தால் அதுவும் துணைக்கு நிற்கும், மிதியும் உருளலும் இரண்டுமே அதன் மேல் பாதியாகத்தான் விழும்.

கேஸ்ட்லியையும் விட்டுவிட வேண்டாம். முதல் தூக்கம் பழத்தைத் தின்ன வைப்பதற்கு, இரண்டாவது தூக்கம்தான் நிஜத் தூக்கம். அதுவரைக்கும் கேஸ்ட்லி நிற்குமா என்பது சொல்ல முடியாது, நின்றால் பெரிய லாபம்.

லெவலைப் பற்றிக் கேட்டீர்கள். விட்னியின் மில்டேங்க் 19தான். எல்லாவற்றையும் 30க்கு ஏற்றினால் நிச்சயம் ஜெயிக்கலாம், அது தப்பும் இல்லை. ஆனாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இந்த விளையாட்டின் கடைசியில் சில்வர் மலையில் ரெட் என்ற எதிராளி காத்திருக்கிறான், அவனுடைய பிகாச்சு 88ஆம் லெவல். அவ்வளவு தூரத்துக்கும் புல்லுக்குள் நடந்து நடந்து லெவல் ஏற்றுவதையே வழியாக வைத்துக்கொண்டால் குழந்தைக்குச் சலித்துவிடும், பாதியில் மூடி வைத்துவிடுவாள். எதிராளி என்ன செய்கிறது, எப்போது செய்கிறது என்று பார்க்கப் பழகிவிட்டால் ஒவ்வொரு ஜிம்மும் புதிதாக இருக்கும்.

ஆறு முறை தோற்றதில் உங்கள் மகளுக்கு மில்டேங்க்கின் மூவ்கள் எல்லாம் தெரியும், எது முதலில் வருகிறது என்று தெரியும், பேயையும் மிதிக்கும் என்பதுகூடத் தெரியும். விட்னிக்கு அவளைப் பற்றி எதுவும் தெரியாது. ஏழாவது முறை கதவைத் திறந்து உள்ளே போகும்போதும் விட்னிக்கு அதுதான் முதல் சண்டை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள், ஒவ்வொரு தோல்விக்கப்புறமும் என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். நான் சிறுவயதில் ஒரு நண்பனின் கேம் பாயில் பழைய கோல்டு விளையாடியபோது கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அப்படித்தான் எழுதினேன். மில்டேங்க் விழுந்த சாயங்காலம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஜெயித்ததும் விட்னி பேட்ஜ் தராமல் உட்கார்ந்து அழுவாள். மகள் பயந்துவிட வேண்டாம், விளையாட்டு கெட்டுப்போகவில்லை. வெளியே போவதுபோல் கொஞ்சம் நடந்தால் அங்கிருக்கும் பெண் ஒருத்தி வந்து பேசுவாள், அப்புறம் திரும்பிப் போய் விட்னியிடம் மறுபடி பேசச் சொல்லுங்கள். அழுகையை நிறுத்திவிட்டு பேட்ஜையும் கூடவே அந்த அட்ராக்ட் மூவையும் கொடுப்பாள்.