ஆல்ஃபா ரோமியோ 156: வேகத்தடையில் கிரீச் சத்தம்

எடுத்தவுடனே ஷாக் அப்சார்பரை மாத்தாதீங்க. வேகத்தடையில் முன்பக்கம் கிரீச்சுன்னு கத்துது, திருப்பத்தில் பழைய பிடிப்பு இல்லைன்னா, 156-ல் பெரும்பாலும் மேல் விஷ்போன் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கிற மேல் கை) புஷ்தான் காரணம்; புஷ்னா அந்தக் கையின் மூட்டில் இருக்கிற ரப்பர் உறை. தண்ணீரும் மண்ணும் புகுந்து கெட்டுப்போகும்.

ஒருத்தரை முன்பக்கத்தை அமுக்கி அமுக்கி விடச் சொல்லி, வீல் ஆர்ச் பக்கம் காதைக் கொடுங்க. கதவுக் கீல் மாதிரி முனகும். அந்த புஷ்ஷில் சிலிகான் ஸ்ப்ரே அடிச்சதும் அடங்கினா அதேதான். ஸ்ப்ரே தீர்வு இல்லை, சில நாளில் திரும்ப வரும்.

ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்துங்க. ரப்பர் புஷ் போல்ட்டை வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கின பிறகே கடைசியா இறுக்கணும். தொங்கவிட்டு இறுக்கினா புது ரப்பரும் முறுக்கிக் கிழியும். சரியா மாத்தினா திருப்பத்தில் அந்த அருமையான கூர்மை திரும்பிடும்.

ஒண்ணு: கீழ் பால் ஜாயின்ட் (கீழ் கையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கிற குண்டு மூட்டு) ஆடினா, அதைச் சரிபண்ணும்வரை வண்டியை எடுக்காதீங்க.