என்டர் தட்டியும் ஆடியோ திக்குவது பற்றி
வீடியோ எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் புரோவில் என்டர் தட்டி, டைம்லைனுக்கு மேலே உள்ள சிவப்புக் கோடு பச்சையாகியும், புதுச்சேரி வைத்திக்குப்பம் மாசி மகத் தீர்த்தவாரி வீடியோவில் நாயனமும் தவிலும் விட்டு விட்டுத்தான் கேட்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். பாவம், கணினியைத் திட்டாதீர்கள். பிரீமியர் புரோவில், செட்டிங்கை மாற்றாதவரை, என்டர் தட்டினால் படம் மட்டும்தான் ரெண்டர் ஆகும், அதாவது திக்காமல் ஓட முன்கூட்டியே தயாராகும். அந்தக் கோடும் படத்துக்கு உரியதே. சீக்வென்ஸ் மெனுவில் ‘ரெண்டர் ஆடியோ’ என்று தனியாக இருக்கிறது, அதைக் கொடுங்கள்.

அப்புறம், கடற்காற்று இரைச்சலுக்கு டீநாய்ஸ் எஃபெக்ட் போட்டிருக்கிறீர்களே, கணினிக்குப் பாரமே அதுதான். அந்த ஆடியோ கிளிப்பில் ரைட் கிளிக் செய்து ‘ரெண்டர் அண்ட் ரீப்ளேஸ்’ கொடுத்தால், எஃபெக்டோடு சேர்ந்து புதுக் கோப்பாகிவிடும். அதற்கு முன் மூலக் கிளிப்பை நகலெடுத்து, கீழ் டிராக்கில் முடக்கி வையுங்கள். டீநாய்ஸ் அதிகமானால் தவிலின் கணீரும் போய்விடும். பிறகு குறைக்க அந்த நகல்தான் கைகொடுக்கும்.