கார்பன் நானோகுழாய்: சிக்கெடுத்த பிறகு சீவலாம்

கேள்வி: எபாக்சி பிசினில் எடையில் 1 சதவீதம் பல்சுவர் கார்பன் நானோகுழாய் (ஒன்றுக்குள் ஒன்றாகப் பல கார்பன் சுவர்கள் கொண்ட, சில நானோமீட்டர் விட்டமுள்ள நுண்குழாய்) சேர்த்தேன். அசிட்டோனில் போட்டுச் சோனிகேட்டரில் (மீயொலி அலையால் கலக்கும் கருவி) கலக்கியபோது ஒரே சீரான கருப்பாக இருந்தது. அசிட்டோனை ஆவியாக்கி, ஹார்டனர் (பிசினை இறுக வைக்கும் பொருள்) சேர்த்து, 80 டிகிரி செல்சியஸில் க்யூர் செய்தேன், அதாவது இறுகவிட்டேன். உடைத்துப் பார்த்தால் கட்டி கட்டியாக இருக்கிறது. வலிமையும் வெறும் எபாக்சியைவிடக் குறைவு. மின்புலம் கொடுத்துக் குழாய்களை ஒரே திசையில் அடுக்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. இப்போதைக்கு மின்புலத்தை ஒதுக்கி வையுங்கள். சிக்கு விழுந்த முடியைச் சீவினால் முடி அறுந்து வருமே தவிரப் படியாது. இங்கும் அதே கதைதான். கட்டிக்குள் மாட்டிக்கொண்ட குழாயை எந்தப் புலமும் திருப்பாது.

முதலில் அந்தக் கருப்பு நிறத்தை நம்பாதீர்கள். 0.01 சதவீதம் போட்டாலும் பிசின் கருப்பாகத்தான் தெரியும். ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மேலே கவர் கண்ணாடி போட்டுச் சாதாரண ஒளி நுண்ணோக்கியில் 100 மடங்கில் பாருங்கள். சில மைக்ரான் அளவுள்ள கட்டிகள் அதிலேயே தெரிந்துவிடும். எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கு வரிசையில் நிற்பதற்கு முன் இதைச் செய்யாதவர்களே அதிகம்.

சொட்டு சுத்தமாக இருந்தால், அதே தகட்டைச் சூடாக்கும் மேடையில் வைத்து 80 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். உங்கள் மாதிரியில் கோளாறு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடந்திருக்கும். சூடு ஏறியதும் பிசின் நீர்த்துப்போகிறது. ஜெல் ஆக, அதாவது ஓடாதபடி உறைய, நேரம் பிடிக்கிறது. அந்த இடைவெளியில், பிரித்து வைத்த குழாய்கள் நகர்ந்து, வாண்டர் வால்ஸ் ஈர்ப்பில் (நெருங்கிவரும் மூலக்கூறுகளுக்கிடையே இயல்பாக எழும் ஈர்ப்பு) மறுபடி ஒட்டிக்கொள்கின்றன. இந்த ஈர்ப்பைக் குறைவாக எடைபோட வேண்டாம். ஒற்றைச்சுவர்க் குழாய்கள் இரண்டு ஒட்டியிருந்தால், ஒவ்வொரு நானோமீட்டர் நீளத்துக்கும் சுமார் 0.5 எலெக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் பயன்படும் ஆற்றல் அலகு) பிணைப்பு உண்டு. முழு நீளத்துக்கும் கூட்டினால் வெறும் வெப்ப அசைவு அதைப் பிரிக்கவே முடியாது. எனவே குறைந்த வெப்பநிலையிலேயே ஜெல் ஆகவிட்டு, அதன் பிறகு சூட்டை ஏற்றிக் க்யூரை முடியுங்கள்.

அடுத்தது, 1 சதவீதம் அதிகம். 10 நானோமீட்டர் விட்டமுள்ள குழாய்கள் 1 கிராம் இருந்தால், அவற்றை முனையோடு முனை சேர்த்தால் சுமார் 70 லட்சம் கிலோமீட்டர் வரும். 100 கிராம் பிசினுக்குள் இவ்வளவையும் தனித்தனியாக நனைக்கப் பார்க்கிறீர்கள். கலவை களிம்பு போல இறுகும், காற்றுக் குமிழி வெளியேறாது, ஒவ்வொரு குமிழியும் ஒரு விரிசலுக்குத் தொடக்கம். 0.1 முதல் 0.3 சதவீதத்தில் ஆரம்பியுங்கள். வெற்றிடத்தில் குமிழி நீக்குவதை விடாதீர்கள். (எடை போடும்போது காய்ந்த தூள் பறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல்சுவர்க் குழாயில் எம்டபிள்யூசிஎன்டி-7 என்ற வகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்ற 2பி பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2014இல் சேர்த்தது.)

சோனிகேட்டரில் தொட்டி வகை பல சமயம் போதாது. கலவைக்குள் முனையை நேரடியாக இறக்கும் ப்ரோப் வகை கட்டிகளை உடைக்கும், குழாயையும் சேர்த்து உடைக்கும். பனிக்கட்டித் தொட்டியில் வைத்து, விட்டு விட்டு இயக்குங்கள். அவ்வப்போது ராமன் நிறமாலை (லேசர் ஒளி சிதறுவதை வைத்துப் பொருளின் அமைப்பை அறியும் அளவீடு) எடுத்தால், 1350 செ.மீ⁻¹ அருகில் வரும், குறைபாட்டைக் காட்டும் டி பட்டை, 1590 செ.மீ⁻¹ அருகில் வரும், சீரான கார்பன் அமைப்பைக் காட்டும் ஜி பட்டையை ஒப்பிடும்போது உயர்கிறதா என்று தெரியும். உயர்ந்தால் குழாய் சேதமாகிறது, நிறுத்திவிடுங்கள். வசதியிருந்தால் என் தேர்வு மூன்று உருளை மில்தான். உருளைகளின் இடைவெளியைப் படிப்படியாகக் குறைத்து 5 மைக்ரான் வரை கொண்டுபோகலாம், கரைப்பானே வேண்டாம். அசிட்டோன்தான் என்றால், பீக்கரின் எடை மாறாமல் நிற்கும்வரை ஆவியாக்குங்கள். மிச்சமிருக்கும் கரைப்பான் எபாக்சியை மென்மையாக்கிவிடும். உங்கள் வலிமைக் குறைவில் அதற்கும் பங்கு இருக்கலாம்.

இனி அடுக்குவது. அதற்கு முன் உங்களுக்கு எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். மின்கடத்தல் வேண்டுமென்றால் குழாய்கள் ஒன்றையொன்று தொட வேண்டும். எல்லாம் கச்சிதமாக இணையாகப் படுத்துவிட்டால் தொடுகைகள் குறைந்து, கடத்தலும் குறையும். கொஞ்சம் கோணல் இருப்பதே நல்லது. அமிலத்தில் போட்டு மேற்பரப்பை மாற்றும் வேலையும் இதற்கு வேண்டாம், கடத்தலைக் கெடுக்கும். வலிமைதான் குறி என்றால் கதை வேறு: அமீன் தொகுதி (நைட்ரஜன் கொண்ட வேதித்தொகுதி) ஏற்றிய குழாய்கள் பிசினோடு வேதிப்பிணைப்பு கொள்ளும். ஆனால் குட்டையான குழாய்களை 0.2 சதவீதம் போட்டு அடுக்குவதால் வலிமையில் பெரிதாக எதுவும் வராது என்பதே என் கருத்து. அதற்கு, செங்குத்தாக வளர்த்த நானோகுழாய்க் காட்டிலிருந்து தாளாக இழுத்து, அதற்குள் பிசினை ஊறவிடும் முறைதான் வழி.

மின்புலத்தையே முயல்வதாக இருந்தால் ஏசி கொடுங்கள். டிசியில் குழாய்கள் நேர்மின் முனைப் பக்கம் போய்க் குவியும். சென்டிமீட்டருக்கு 100 வோல்ட், 1 கிலோஹெர்ட்ஸ் என்ற அளவில் தொடங்கலாம். மின்னோட்டத்துக்கு வரம்பு வையுங்கள். குழாய்ச் சங்கிலி ஒரு முனையிலிருந்து மறுமுனையைத் தொட்டதும் ஓட்டம் சட்டென்று ஏறி, பிசின் உள்ளூரச் சூடாகிவிடும். ஜெல் ஆகும்வரை புலத்தை அணைக்கக் கூடாது. காந்தப்புலம் பல டெஸ்லா கேட்கும், அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அடுக்கியது உண்மையா என்று பார்க்க, முனைவாக்கிய ராமனில் (ஒரே தளத்தில் அதிரும் ஒளி கொண்டு எடுப்பது) அடுக்கிய திசைக்கு 0 டிகிரியிலும் 90 டிகிரியிலும் ஜி பட்டையை எடுத்து விகிதம் பாருங்கள். 1 வந்தால் அடுக்கே இல்லை. மின்முனை அருகில் ஒன்று, நடுவில் ஒன்று என எடுங்கள். இரண்டும் அநேகமாக ஒத்துப்போகாது.