தன்னம்பிக்கைப் பேச்சுகளில் அரசியல் இருக்கிறதா?

யூடியூபில் தன்னம்பிக்கைப் பேச்சுகளைக் கேட்பது பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். காலையில் எழும்பி வேலைக்குப் போக உதவினால் கேளுங்கள், சரி. ஆனால் 'உன் வறுமைக்கு உன் எண்ணமே காரணம்' என்னும்போது அது அரசியல்தான். கடன் வட்டியையும் காணி இழப்பையும் பேச்சிலிருந்தே எடுத்துவிடுகிறது.

இலங்கையின் வடக்கில் உள்ள வன்னியைப் பாருங்கள். 2009இல் முடிந்த போரில் எல்லாம் இழந்து, பின்னர் மீள்குடியேறிய பெண்கள் பலர் நுண்கடனில், அதாவது நிதி நிறுவனங்கள் ஏழைகளுக்குக் கொடுக்கும் சிறு கடனில், மாட்டினார்கள். கிழமைக்குக் கிழமை வாசலில் அறவீடு, கடும் வட்டி, நடுவில் வறட்சி வேறு. இதில் மனநிலை எங்கே பிழைத்தது? வறட்சி மாவட்டங்களில் பெண்களின் சிறு நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசே முடிவெடுக்க வேண்டி வந்தது. அதற்கு முந்திய ஆண்டு, முல்லைத்தீவு மாவட்டத்தின் கேப்பாப்புலவு பிலக்குடியிருப்புச் சனம் படையினர் வசமிருந்த தங்கள் காணியை மீட்டது, குழந்தைகளோடு இரவு பகலாக வீதியோரம் ஒன்றாக இருந்துதான்.